பிரிட்டிஷ் ராணுவத்தின் வெட் கிரைண்டர்

ராணுவத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. ராணுவத்துக்குச் சோறு போடும் கம்பெனியில் இருக்கிறேன். எமிரேட்ஸில் ஹைவேயை விட்டு இறங்கி அரை மணி நேரம் மணலுக்குள் போனால் பிரிட்டிஷ்காரர்களின் சின்ன முகாம் ஒன்று வரும். அங்கே மெஸ் நடத்தும் கான்ட்ராக்ட் எங்களுடையது. நான் ஸ்டோர்கீப்பர். அரிசி மூட்டை, உறைந்த கோழி, டிஷ்யூ பேப்பர் ஆகியவற்றின் காவல் தெய்வம்.

இன்டர்வியூவில் ஒரே ஒரு கஷ்டமான கேள்விதான் கேட்டார்கள். "பிரிட்டிஷ் மிலிட்டரி அப்ரிவியேஷன் எல்லாம் தெரியுமா?" தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்த மிலிட்டரி அப்ரிவியேஷன் என்.சி.சி. ஒன்றுதான். அதிலும் பரேடு முடிந்ததும் கொடுக்கும் பரோட்டாவுக்காகச் சேர்ந்தவன் நான். இடதுகால் வலதுகால் குழப்பம் கடைசிவரை தீரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு மெயில் வந்தது. மூன்று வரி. அதில் எனக்குப் புரிந்தது 'ப்ளீஸ்' என்ற வார்த்தையும் என் பெயரும். பெயரிலும் இரண்டு எழுத்து தப்பு. மற்றதெல்லாம் பெரிய எழுத்தில், மூன்று மூன்றாக, நான்கு நான்காக, கண் டாக்டர் சுவரில் மாட்டிவைக்கும் அட்டை மாதிரி இருந்தது. கல்ஃபில் புரியாத மெயிலுக்கு ஒரே பதில்தான் உண்டு. 'நோட்டட் வித் தேங்க்ஸ்' என்று அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்டோர் வாசலில் ஒரு லாரி நின்றது. லாரி நிறைய மடக்கு மேசைகள். அவற்றுக்கு இடம் காலி செய்து வைப்பதாக முந்தின நாளே நான் நன்றியுடன் ஒப்புக்கொண்டிருந்தேனாம். என்.எல்.டி. என்றால் 'இந்த நேரத்துக்கு மேல் தாமதிக்காதே'. ஐ.ஏ.டபிள்யூ. என்றால் 'இன்னதன்படி'. எதன்படி என்று பார்த்தால் அது இன்னொரு அப்ரிவியேஷன்.

லாரியோடு வந்தவர் முகாமின் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பான ஸ்டாஃப் சார்ஜென்ட். வெயிலில் வெந்து இறால் நிறத்துக்கு வந்திருந்த மனிதர். "ஸாரி சார்" என்றேன். அவர் முகம் இன்னும் கொஞ்சம் வெந்தது. "சார் என்பது ஆபீசர்களுக்கு. என்னை ஸ்டாஃப் என்று கூப்பிடு" என்றார். அப்படியே கூப்பிட்டேன். இதைக் கேட்டு அதிகம் வருத்தப்பட்டவர் எங்கள் மாஸ்டர்.

"ஏனப்பா, அந்தாளு இந்தக் கேம்ப்புக்கே பெரிய தலை. அவரப் போயி ஸ்டாஃபுங்கற. அப்ப நாமெல்லாம் யாரு, மொதலாளியா?"

மாஸ்டர் என்பது எங்கள் தலைமைச் சமையல்காரர். நாமக்கல் பக்கம். லேபர் கேம்ப்பில் எனக்குப் பக்கத்துக் கட்டில். தினமும் விடியற்காலையில் இருநூறு சிப்பாய்களுக்கு சாசேஜும் பீன்ஸும் செய்வார். அதில் ஒரு பீன்ஸைக்கூட ருசி பார்க்க மாட்டார். "வாசத்துலயே தெரியும், வேண்டாத வேல" என்பார்.

எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். காதில் விழும் ஒவ்வொரு அப்ரிவியேஷனையும் எழுதி மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் அந்த முகாமுக்கு நான் ஆபீசராகவே வந்திருப்பேன். ஆனாலும் அடி பட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சமையலறையில் ஒரு டோஸ்டர்மேல் சிவப்பு ஸ்டிக்கரில் யு/எஸ் என்று எழுதியிருந்தது. அமெரிக்கச் சாமான் போலிருக்கிறது என்று ஒரு மாதம் அதை மரியாதையாகத் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்தேன். உபயோகத்துக்கு லாயக்கில்லை என்பதன் சுருக்கமாம் அது.

அவர்கள் சாமான்களுக்குப் பெயர் எழுதும் விதமும் தனி. மடக்கு மேசை என்று எழுத மாட்டார்கள். 'மேசை, மடக்கு, ஆறடி' என்று எழுதுவார்கள். முதலில் இனம், பிறகு குணம், கடைசியில் அளவு. இது எனக்குப் பித்துப் பிடித்தாற்போல் பிடித்துவிட்டது. ரூமில் ஒருநாள், "செருப்பு, ரப்பர், இடதுகால், ஒன்று, காணோம்" என்று அறிவித்தேன்.

"ஸ்டோர்கீப்பர், கிறுக்கு, முழு சைஸு, ஒண்ணு, இங்க இருக்குது" என்றார் மாஸ்டர் போர்வைக்குள்ளிருந்து.

அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது வருடாந்தரச் சோதனை நாளில் தெரிந்தது.

மாஸ்டரிடம் ஒரு வெட் கிரைண்டர் இருந்தது. மேசைமேல் வைக்கும் வகை, இரண்டு லிட்டர், உள்ளே கருங்கல். ஆறு வருடத்துக்கு முன்னால் ஊரிலிருந்து லக்கேஜில் போட்டுக் கொண்டுவந்தது. ரூமில் வைத்தால் லேபர் கேம்ப்பை மேய்க்கும் கேம்ப் பாஸ் பிடுங்கிக்கொள்வான் என்பதால், வெங்காய மூட்டைகளோடு மூட்டையாக வேனில் ஏற்றி முகாமுக்குள் கொண்டுபோய் ஸ்டோரின் மூலையில் வைத்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் அதில் மாவரைப்பார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முப்பது பேர் இட்லி சாப்பிடுவோம். மற்ற ஆறு நாளும் உயிரோடிருப்பதற்கு அதுதான் காரணம்.

வருடத்துக்கு ஒருமுறை வேறு முகாமிலிருந்து ஒரு கேப்டன் வந்து கட்டடத்திலுள்ள ஒவ்வொரு சாமானையும் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார். பட்டியலில் இருப்பது கட்டடத்தில் இல்லாவிட்டால் குற்றம். அது நியாயம். கட்டடத்தில் இருப்பது பட்டியலில் இல்லாவிட்டாலும் குற்றம். அதுதான் எனக்குத் தெரியாது.

அந்த வருடம் வந்த கேப்டன் சின்ன வயசு. மீசை வைக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யாத முகம். ஸ்டோருக்குள் வந்தார். பின்னால் ஸ்டாஃப். கேப்டன் மூலையைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

சரியான பதில் இரண்டே வார்த்தை: பிரைவேட் பிராப்பர்ட்டி. யாருடையதோ சொந்தச் சாமான் என்றால் அதோடு விஷயம் முடிந்தது. ஆனால் நான் அந்தக் கேள்விக்காகவே எண்பது பக்கம் படித்தவன். குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "கிரைண்டர், வெட், ஸ்டோன், டில்டிங், டூ லிட்டர், சார்!" என்றேன்.

கேப்டனின் முகம் மலர்ந்தது. ஸ்டாஃப் கண்ணை மூடிக்கொண்டார்.

"அருமை. பட்டியலில் இல்லையே. ஏற்றிவிடுவோம். சீரியல் நம்பர்?"

நம் ஊரில் கல்யாணச் சீராகக் கொடுக்கும் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள் அல்லவா, கிரைண்டரின் எவர்சில்வர் விளிம்பிலும் அது இருந்தது. மாஸ்டரின் மாமனார் பெயர். டிரம்மைத் திருப்பிப் புள்ளிகளைக் காட்டினேன். "உங்கள் ஊர் எழுத்தா?" என்றார் கேப்டன். ஆமாம் என்றேன். "ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்." சொன்னேன். இனிஷியல், பெயர், ஊர், கடைசியில் 'அன்பளிப்பு'. முழு வரியையும் எழுதி முடித்துவிட்டு, "நல்ல நீளமான நம்பர்" என்று கேப்டன் பாராட்டினார். வெள்ளி நிறத்தில் ஒரு பார்கோடு ஸ்டிக்கரை எடுத்து டிரம்மின் நெற்றியில் ஒட்டினார்.

பத்தே நிமிடத்தில் கிரைண்டர் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்துவிட்டது.

அடுத்த மூன்றாவது வாரம் மாஸ்டர் ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்குப் போவதாக இருந்தார். விசா கேன்சல், ஒரேயடியாகப் போகிறார். ஸ்டிக்கரைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். கரண்டியை எறிந்திருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது.

"இதென்னப்பா ஒட்டியிருக்குது?"

"ஆன் சார்ஜ் மாஸ்டர். அதாவது, ராணுவச் சொத்து."

"பிச்சுப் போடு."

"பிச்சா குத்தம். கேட்ல ஒவ்வொரு சாமானையும் பட்டியல்ல பார்த்துத்தான் வெளிய விடுவான். நீங்க கொண்டுவந்தப்ப கேட்ல சீட்டு வாங்கினீங்களா?"

"வெங்காயத்துக்கு எவனாச்சும் சீட்டு வாங்குவானா?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது எங்களைக் கவனிக்கவில்லை. ராணுவத்தில் சேர்ந்ததும் ஆட்கள் மாறிவிடுகிறார்கள்.

மாஸ்டர் ஏன் அப்படி வெளிறினார் என்பது சாயங்காலம் புரிந்தது. ஊரிலிருந்து அவர் மனைவி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, கிரைண்டரப் பொட்டியில கட்டியாச்சா?"

"கட்டோணும் புள்ள. அதுல ஒரு சின்ன... இரு, தம்பிகிட்டத் தர்றன்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு மாஸ்டர் குளிக்கப் போய்விட்டார். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு முறை குளித்தவர்.

"அக்கா, ஒண்ணுமில்ல. கிரைண்டர ராணுவம் எடுத்துக்கிச்சு."

"எந்த ராணுவம்?"

"பிரிட்டிஷ் ராணுவம்க்கா."

"வெள்ளக்காரன் போயி எத்தன வருசமாச்சு, இன்னுமா தம்பி எடுத்துட்டுப் போறான்?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். என் பங்கைக் கொஞ்சம் சுருக்கித்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை. கல்யாணத்துக்கு அவர் அப்பா வாங்கிக் கொடுத்த கிரைண்டர். ஆறு மாசத்துக்கு என்று சொல்லி எடுத்துப் போனவர் ஆறு வருஷமாக லக்கேஜில் வெயிட் இல்லை, அடுத்த லீவுக்குக் கொண்டுவருகிறேன் என்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா மிக்ஸியில் அரைத்து, கல்லு மாதிரி இட்லி சுட்டு, மாமியாரிடமும் நாத்தனாரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "அவருகிட்டச் சொல்லிருங்க தம்பி. கிரைண்டரு வந்தா கூடவே அவரும் வரட்டும். அது வல்லீனா, அதுக்குத் தொணையா அங்கயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்த மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "சொன்னாச் செய்யிற ஆளப்பா அவ. போன லீவுக்கு வெறுங்கையோட போனேன். நாலு நாளு கோழித்தீவன மூட்டைக்கிப் பக்கத்துல படுத்தேன். இப்பப் போனா திரும்பி வரவும் விசா இல்ல. நான் எங்க போயி நிக்கறது?"

மறுநாள் காலை ஸ்டாஃபின் முன்னால் போய் நின்றேன். அவர் பெருமூச்சு விட்டு மூன்று வழிகள் சொன்னார். ஒன்று, தொலைந்துபோனதாக எழுதுவது. அப்படியானால் விசாரணை வரும். கடைசியாகப் பார்த்தவன் நான். இரண்டு, தனியார் சொத்து என்று நிரூபிப்பது. அதற்கு ரசீது வேண்டும். மூன்று, பி.இ.ஆர். அதாவது ரிப்பேர் செய்யக் கட்டுப்படியாகாது என்று சான்று வாங்கி, இரண்டு சாட்சிகள் முன்னால் சுத்தியலால் உடைப்பது. "உடைத்த துண்டுகளை வேண்டுமானால் அவர் எடுத்துப் போகலாம்" என்றார் கருணையோடு.

ரசீதுக்குப் பதிலாக மாஸ்டரின் கல்யாண வீடியோ கிடைத்தது. அக்காவின் தங்கை போனில் அனுப்பினார். ஸ்டாஃபின் ஆபீசில் உட்கார்ந்து பார்த்தோம். சீர் வரிசை வரும் காட்சி. முன்னால் நாதஸ்வரம், மேளம். பின்னால் பீரோ, கட்டில், குத்துவிளக்கு, தட்டுத் தட்டாகப் பழம். ஒரு பெரியப்பா தோளில் கிரைண்டர். ஸ்டாஃப் வீடியோவை நிறுத்தச் சொன்னார். மறுபடி ஓட்டச் சொன்னார்.

"இவர்கள் எந்த ரெஜிமென்ட்?"

"சொந்தக்காரங்க ஸ்டாஃப்."

"ஒரு சாமானுக்கு ஓர் ஆள். இடைவெளி மாறவில்லை. முன்னால் பேண்ட். இந்த ஒழுங்கு எங்கள் ஆட்களுக்கு வராது" என்றார். ஆனால் வீடியோவில் சீரியல் நம்பர் தெரியவில்லை என்பதால் ஆதாரமாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். மாமனாரே வீடியோவில் தெரிகிறார், பட்டு வேட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார் என்றேன். சீரியல் நம்பர் நேரில் வந்து நின்றாலும் சாமானில் ஒட்டியிருந்தால்தான் செல்லும் போல.

இதற்கிடையில் இன்னொரு ஆபத்து. ராணுவச் சொத்தான எந்த மின்சாதனத்தையும் ஒரு வாரத்துக்குள் சோதிக்க வேண்டும். சோதனைக்கும் ஓர் அப்ரிவியேஷன் உண்டு. எலக்ட்ரீசியன் ஒரு பாகிஸ்தானி. மீட்டரை எடுக்கவே இல்லை. ஒயரின் நுனியில் நம் ஊர் உருண்டைப் பின் பிளக்கைப் பார்த்தார், தலையாட்டினார்.

"கோல் பின் மாஃபி, பாய். ஃபெயில்."

உருண்டைப் பின் கூடாதாம். கிரைண்டர்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஏறியது. யு/எஸ். சிவப்பு ஸ்டிக்கர் ஏறிய சாமான் தானாகவே உடைக்கும் வரிசைக்குப் போய்விடும். தேதியும் போட்டுவிட்டார்கள். மாஸ்டரின் ஃப்ளைட்டுக்கு இரண்டு நாள் முன்னால். சாட்சிகளில் ஒருவன் நான்.

அன்றைக்கு மெஸ்ஸில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பீன்ஸில் உப்பே இல்லை. ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

எலக்ட்ரீசியன் பாயைத் தனியாகப் பிடித்துக் கெஞ்சினேன். சதுரப் பின் பிளக் மாட்டி, 'பிளக், த்ரீ பின், ஒன்று' என்று மூன்று படிவம் எழுதி, மறுபடி சோதித்தார்கள். பாஸ். பச்சை ஸ்டிக்கர். உயிர் தப்பியது. ஆனால் இப்போது அது ஆரோக்கியமான, சான்றளிக்கப்பட்ட, முழுநேர ராணுவ கிரைண்டர். விடுவிக்க எந்தக் காரணமும் இல்லை. நான் எதைச் செய்தாலும் அதற்குப் பிரமோஷன்தான் கிடைத்தது.

ஸ்டாஃப் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னாலிருந்த ஒரு கன்டெய்னரைத் திறந்தார். உள்ளே ஷெல்ஃப் ஷெல்ஃபாகச் சாமான். நாற்காலிகள், கயிறு, ஒரு ஃப்ரிட்ஜ், மண்வெட்டி, எட்டு டார்ச். ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை.

"இதற்குப் பெயர் என்ன தெரியுமா? பக்ஷி."

நோட்டில் இல்லாத வார்த்தை. பட்டியலில் இல்லாத சாமானுக்கு அவர்கள் ராணுவத்தில் அதுதான் பெயராம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தால், நம் பக்ஷீஸ்தான். அவர்களுடைய தாத்தாக்கள் இந்தியாவிலிருந்து எடுத்துப்போய் வாலை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

"எந்த ஸ்டோரிலும் இப்படி ஒரு மூலை இருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். உன் மாஸ்டரின் மெஷின் பல வருடமாக பக்ஷி. எனக்கு முன்னால் இருந்தவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கேட் ஆளுக்குக்கூடத் தெரியும். அது பாட்டுக்கு இருந்தது." கொஞ்சம் நிறுத்தினார். "நீ வந்து அதை அறிமுகம் செய்துவைத்தாய்."

கன்டெய்னருக்குள் ஐம்பது டிகிரி சூடு இருக்கும். எனக்கு வியர்த்தது அதனால் அல்ல.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பட்டியலிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் கடன் கொடுக்கலாம். லோன் ஃபாரம் என்று ஒன்று உண்டு. மாஸ்டருக்குக் கொடுக்க முடியாது. வேலையை விட்டுப் போகிற ஆள். நிரந்தர முகவரியோடு பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"ரொம்பப் பொறுப்பான ஓர் ஆள் இருக்காங்க ஸ்டாஃப்" என்றேன்.

ஃபாரத்தை நிரப்பினோம். சாமான் இருக்கப்போகும் இடத்தை எட்டு இலக்க எண்ணில் குறிக்க வேண்டும். பீரங்கி சுடுவதற்குக் குறிப்பார்களே, அப்படி. மாஸ்டர் என் போனில் மேப்பைப் பெரிதாக்கி, "இது மாரியாத்தா கோயிலு, இது எங்க சித்தப்பன் கோழிப்பண்ண, இதா, இதுதான் எங்கூட்டுச் சமையக்கட்டு" என்று காட்ட, ஸ்டாஃப் எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். கடனுக்கான நோக்கம் என்று ஒரு கட்டம். ஸ்டாஃப் பேனாவைக் கடித்து யோசித்து, 'உள்ளூர் மக்களுடன் நல்லுறவு' என்று எழுதினார். நாமக்கல் மாவட்டத்து மக்களும் பிரிட்டிஷ் ராணுவமும் இதுவரை எப்படியோ, இனி நல்லுறவுதான்.

கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி. அக்காவுக்கு போன் செய்தேன்.

"எங்கய்யன் வாங்கிக் குடுத்த கிரைண்டர, அவன் எனக்குக் கடன் குடுக்கறானா?"

"பேப்பருக்காகத்தான்க்கா."

"நான் கையெழுத்துப் போட்டா அது அவனுதுன்னு ஆயிராதா? தம்பி, நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ."

மாஸ்டர் பக்கத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார், போனைப் பார்த்து. ஃப்ளைட்டுக்கு நாலு நாள்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல் ஃபாரத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று வரிசையாக வாசித்துக் காட்டினேன். சீரியல் நம்பர் கட்டத்துக்கு வந்தேன். இனிஷியல், பெயர், ஊர், அன்பளிப்பு.

"நில்லுங்க. அங்க யாரு பேரு?"

"உங்க அப்பா பேருக்கா. பிரிட்டிஷ் ராணுவத்தோட கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் இருக்கு. ஸ்டாஃப் அந்தப் பேரத் தட்டுனாத்தான் அந்தக் கிரைண்டரே திரையில வரும்."

"எங்கய்யன் பேரத் தட்டுனாவா?"

"ஒவ்வொரு எழுத்தா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று மாஸ்டர் ஜாடையில் சொன்னார். அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்ட ஃபாரம் போனில் வந்தது. 'குறிப்பு' என்ற கட்டத்தில் அழகான தமிழில், 'இது எங்க அப்பா கொடுத்தது. கடன் என்று எழுதியது அவர்கள்' என்று எழுதியிருந்தார். ஸ்டாஃப் அது என்ன என்றார். சாமான் நல்ல நிலையில் இருப்பதாக ஒப்புக்கொள்கிறார் என்று மொழிபெயர்த்தேன். ஃபைலில் வைத்தார்.

மாஸ்டர் கிளம்பிய அன்று கேட் ஆள் ஸ்டிக்கரையும் ஃபாரத்தையும் ஒத்துப் பார்த்து, கிரைண்டரை வெளியே விட்டான். மாஸ்டரின் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கிரைண்டருடையது செல்லுபடியாகும், அவருடையது காலாவதி. ஷார்ஜா ஏர்போர்ட்டில் லக்கேஜ் முப்பது கிலோ, பாதி கல்.

மறுநாள் நான் ஸ்டோரில் தக்காளி எண்ணிக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து போன். மாஸ்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. கஸ்டம்ஸில் பிடித்துவிட்டார்கள். பின்னாலேயே ஆபீசரின் குரல்.

"ஏய்யா, ஊரு உலகத்துக்கெல்லாம் கிரைண்டர் அனுப்பற ஊரு இது. துபாயிலருந்து நீ கோயம்புத்தூருக்குக் கிரைண்டர் கொண்டு வர்ற. நான் நம்போணுமா?"

கல்லுக்குள் தங்கம் இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். எக்ஸ்ரேயில் போட்டார்கள். கல்லுக்குள் கல்தான் இருந்தது. அது சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது. பிறகு ஃபாரம் கண்ணில் பட்டது. ஆபீசரே போனை வாங்கினார்.

"பிரிட்டிஷ் ஆர்மின்னு போட்டிருக்குது. இதென்ன, வரிக்கு நாலு நாலு எழுத்தா இருக்குது? என்ன அர்த்தம்?"

என் வாழ்க்கையின் பரீட்சை அதுதான். ஒவ்வோர் அப்ரிவியேஷனாக விரித்துச் சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை. எட்டு இலக்க எண் வரைக்கும் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஆபீசர், "தம்பி, நீங்க சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சமாவது புரிஞ்சுது" என்றார்.

"சார், சுருக்கமாச் சொன்னா, அது கடன். வாங்கினவங்க வெளியதான் நிக்கிறாங்க. ஃபாரத்துல போன் நம்பர் இருக்கு."

மாஸ்டரின் போனை மேசையில் வைத்துவிட்டு ஆபீசர் தன் போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. விசாரிக்க வேண்டியது ஆபீசர். கேள்வி கேட்டது அக்கா.

"சாரு, உங்கூட்டுல கிரைண்டர் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

"ஆறு வருசம் அது இல்லாம, உங்க சம்சாரம் மிக்ஸில அரைச்சுப் போட்டுத் தின்னு பாத்திருக்கீங்களா?"

சீல் குத்தும் சத்தம் கேட்டது. "கொண்டு போய்யா மொதல்ல. வெளிய நிக்கிறவங்க உள்ள வந்துறப் போறாங்க" என்றார் ஆபீசர்.

சாயங்காலம் மாஸ்டர் ஒரு போட்டோ அனுப்பினார். சமையலறை மேடையில் கிரைண்டர், பக்கத்தில் தரையில் மாஸ்டரின் பெட்டி. இரண்டும் வீட்டுக்குள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டாஃப் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கண்டிப்பானவர். கடன் கொடுத்த சாமான்களையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஃபாரம் அனுப்பினார். நாமக்கல்லுக்கும் ஒன்று போயிற்று, என் போன் வழியாக. சாமானை எடுத்துக்கொள்ள வசதியான நாளும் நேரமும் குறிப்பிடவும் என்று கேட்டிருந்தது. அக்காவின் பதில் குரல் பதிவாக வந்தது.

"தாராளமா வந்து எடுத்துக்கச் சொல்லுங்க தம்பி. செவ்வா, வெள்ளி ஊட்டுச் சாமான் வெளிய போகாது. ராகு காலம், எமகண்டம் ஆகாது. ஆடியிலயும் மார்கழியிலயும் ஆகவே ஆகாது. மத்த நாள்ல வந்தாங்கன்னா அரிசி ஊறிக்கிட்டு இருக்கும், அரைச்சு முடியிற வரைக்கும் உக்காரச் சொல்லுங்க."

இதை அப்படியே மொழிபெயர்த்தால் என் வேலை போய்விடும். ராணுவ முறைப்படி மெயில் தயாரித்தேன். செவ்வாய், வெள்ளி நீங்கலாக. ஆர்.கே., ஒய்.ஜி. நேரங்களில் சாமான் நகர்வு கூடாது. இரண்டு மாதம் முழுத் தடை. உள்ளூர் விதிகளின்படி.

புதியவர் மெயிலை நெடுநேரம் பார்த்தார். ஆர்.கே. என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. "கஷ்டம்தான். கடனை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துவிடு" என்றார்.

அக்காவுக்கு போன் செய்து சொன்னேன்.

"ஒரு வருசமா? யாருது யாருக்கு தம்பி நீட்டறது?" என்றார். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் மாஸ்டர் எதையோ கேட்டார். "மொதல்ல அந்தக் கல்லக் கழுவி வெய்யிங்க, பேச்சு அப்பறம்" என்று அக்கா அதட்டினார்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நானும், "சரிங்க்கா" என்றேன்.